கல்லீரல் நோய்க்கு என்ன சாப்பிடலாம்? நோயைப் பிரித்தறிந்த பிறகே பத்தியம்

ஒருவருக்குக் கல்லீரலில் கோளாறு என்று தெரியவந்தால் நம் வீடுகளில் முதலில் மாறுவது சமையல்தான். தாளிப்பு நிற்கிறது, முட்டையும் மீனும் கறியும் விலக்கப்படுகின்றன, பருப்புகூடச் செரிக்காது என்று ஒதுக்கப்படுகிறது. மோர் சாதமும் இளநீரும் குளுக்கோஸ் தண்ணீரும் கரும்புச்சாறும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அன்போடும் அக்கறையோடும் செய்யப்படும் இந்த மாற்றம் சிலருக்குப் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் கல்லீரல் சுருங்கிப்போன ஒருவருக்கு இதே பத்தியம் சில மாதங்களில் தசையைக் கரைத்து, எழுந்து நடக்கும் வலுவையும் பறித்துவிடும்.

கல்லீரல் நோய் என்ற ஒரே பெயரின் கீழ் நாம் பேசுவது ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல நிலைகளை. கிருமியால் சில வாரங்கள் வீங்கியிருக்கும் கல்லீரல், பித்தநீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்ட கல்லீரல், தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல், கொழுப்பு படிந்த கல்லீரல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உணவு வேறு. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெடுதலாக முடியலாம். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, கல்லீரல் உணவை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லீரலும் பித்தநீரும் செய்யும் வேலை

வயது வந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையுள்ளது. வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. குடலில் செரித்த மாவுச்சத்தும் புரதமும் இரத்தத்தில் கலந்து முதலில் இங்குதான் வந்து சேர்கின்றன. கல்லீரல் செய்யும் எண்ணற்ற வேலைகளில், உணவைப் பற்றிப் பேச மூன்று போதும். சாப்பிட்டபின் இரத்தத்தில் மிகும் சர்க்கரையை அது கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தாக மாற்றி வைத்துக்கொண்டு, சாப்பிடாத நேரத்தில் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருளை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற அனுப்புகிறது. மூன்றாவதாக, பித்தநீரைச் சுரக்கிறது.

பித்தநீர் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் மஞ்சள் பச்சை நிறத் திரவம். கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து, இறுதியில் பித்தநாளம் என்ற ஒரே குழாயாகி, சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கின்றன. நாம் சாப்பிடாத வேளையில் சுரப்பதில் ஒரு பகுதி பித்தப்பையில் தேங்கிச் செறிவடைகிறது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கி அதை வெளியே தள்ளுகிறது.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியை வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பிசுக்கு போவதில்லை. சோப்பு பட்டதும் அந்த எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீரோடு போய்விடுகிறது. குடலில் சோப்பின் வேலையைச் செய்பவை பித்தநீரில் உள்ள பித்த உப்புகள். அவை கொழுப்பை நுண்துளிகளாக உடைத்தால்தான் செரிமான நொதிகள் அதைப் பற்ற முடியும். குடல் உறிஞ்ச முடியும். கொழுப்பில் மட்டுமே கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அப்போதுதான் உடலுக்குள் சேரும். வேலை முடிந்ததும் பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆகவே, பித்தநீர் குடலுக்கு வந்துசேராவிட்டால் பாதிக்கப்படுவது கொழுப்பின் செரிமானமும் அந்த நான்கு வைட்டமின்களும். கல்லீரலின் திசுவே கெட்டால் பாதிக்கப்படுவது சர்க்கரைச் சேமிப்பும் அம்மோனியாவை அகற்றும் வேலையும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருபவை எளிதில் விளங்கும்.

மஞ்சள் காமாலையும் எண்ணெய் விலக்கும்

இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவுப்பொருள் பிலிருபின். கல்லீரல் அதைப் பித்தநீரோடு சேர்த்து மலத்தில் வெளியேற்றுகிறது. இந்த ஏற்பாடு எங்கே தடைப்பட்டாலும் பிலிருபின் இரத்தத்தில் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. கண் மஞ்சளாக இருப்பது ஏதோ தடை இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தடை எங்கே என்பதைச் சொல்லாது. அதை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்ல வேண்டும்.

அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ வைரஸ்களால் வரும் காமாலையே நம் ஊரில் பலருக்குத் தெரிந்த காமாலை. பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அவர்கள் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளையும் கழிக்கக் கூடாது. இவ்வகைக் காமாலையில் பெரும்பாலும் பித்தநாளம் அடைபடுவதில்லை. ஆகையால் எண்ணெயும் நெய்யும் கல்லீரலைக் கெடுக்கும் என்பதற்கோ, அவற்றை நிறுத்தினால் நோய் விரைவில் நீங்கும் என்பதற்கோ ஆதாரம் இல்லை. குமட்டல் இருக்கும் நாள்களில் எண்ணெய் வாடையே பிடிக்காது என்பது உண்மை. அப்போது நோயாளி விரும்புவதைக் கொடுத்தால் போதும். பசி திரும்பியதும் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். தெருவோரக் கரும்புச்சாற்றிலும் அதில் போடும் ஐஸ்கட்டியிலும் இதே வைரஸ்கள் இருக்க வாய்ப்புண்டு என்பதால், காமாலைக்கு மருந்து என்று அதை வாங்கிக் கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பித்தநாளம் அடைபடும்போது

கல், குழாயில் ஏற்பட்ட சுருக்கம், கணையத்தின் தலைப்பகுதியில் வளர்ந்த கட்டி, உடலின் எதிர்ப்பு ஆற்றலே நுண்குழாய்களைத் தாக்கும் நோய்கள் எனப் பித்தநீர் தேங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. மலம் வெளிறிச் சாம்பல் அல்லது களிமண் நிறத்தில் போவதும், சிறுநீர் கட்டஞ்சாயா போலக் கறுப்பதும், உடலெங்கும் அரிப்பெடுப்பதும் இதன் அடையாளங்கள். மலத்துக்கு இயல்பான பழுப்பு நிறத்தைக் கொடுப்பதே பிலிருபின்தான். அது குடலுக்கு வரவில்லை என்பதைத்தான் வெளிறிய மலம் காட்டுகிறது.

எண்ணெயைக் குறைக்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் இருக்கும் இடம் இது. சோப்பு வராத வாணலிபோலக் குடலில் கொழுப்பு உடைபடாமல் கிடந்து, மிதக்கும் பிசுபிசுப்பான மலமாக வெளியேறுகிறது, வயிறு உப்புகிறது, எடை குறைகிறது. ஆனால் இங்கும் கொழுப்பை முற்றாக நிறுத்துவது தவறு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான் தருகின்றன. எடை குறைந்துகொண்டிருப்பவரிடமிருந்து கொழுப்பு முழுவதையும் எடுத்துவிட்டால் அந்தக் கலோரியை வேறெதனாலும் ஈடுசெய்வது கடினம். மலம் பிசுபிசுப்பாகப் போகாத அளவுக்கு, ஒவ்வொரு வேளையும் சிறிதளவாகப் பிரித்துச் சேர்த்துக்கொள்வதே முறை.

பித்த உப்பு அதிகம் தேவைப்படாத ஒரு வகைக் கொழுப்பும் உண்டு. நடுத்தர நீளக் கொழுப்பு என்று அதைச் சொல்லலாம். மருத்துவமனைகளில் எம்சிடி எண்ணெய் என்ற பெயரில் எழுதித் தருகிறார்கள். அதன் மூலக்கூறுகள் குறுகியவை என்பதால் குடலிலிருந்து நேரடியாகக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் கலந்துவிடும். தேங்காய் எண்ணெயில் இது இருக்கிறது என்ற செய்தி பரவி, சிலர் தேங்காய் எண்ணெயையே மருந்தாகக் குடிக்கிறார்கள். அதில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. அது உடலுக்குள் பெரும்பாலும் நீளமான கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. எனவே தேங்காய் எண்ணெயும் எம்சிடி எண்ணெயும் ஒன்றல்ல.

நீண்ட நாள் அடைப்பில் தட்டில் தெரியாத குறை வைட்டமின்களில்தான் இருக்கிறது. வைட்டமின் கே குறைந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும். ஈறில் இரத்தம் கசியும். சிறு இடியிலும் தோல் கன்றிப்போகும். வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மெலியும். கீரையை எவ்வளவு சாப்பிட்டாலும் அதிலுள்ள வைட்டமின் கே பித்த உப்பு இல்லாமல் உள்ளே சேராது. ஊசியாகவோ தனி மருந்தாகவோ கொடுக்க வேண்டியிருக்கும்.

பச்சிளங்குழந்தைகளைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பித்தநாளம் உருவாகாமலோ அழிந்தோ போகும் பிறவி நிலை ஒன்று உண்டு. பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் குழந்தைக்கு மஞ்சள் நீங்காமல், மலம் வெளிறிப் போகுமானால், தாய்க்குப் பத்தியம் வைப்பதாலோ பாலை மாற்றுவதாலோ பயன் இல்லை. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய, அவர் பெயராலேயே அழைக்கப்படும் அறுவை சிகிச்சை, குழந்தைக்கு இரண்டு மாதம் நிறைவதற்குள் செய்யப்படும்போது நல்ல பலன் தர வாய்ப்பு அதிகம். வெயில் காட்டிப் பார்ப்போம் என்று கழியும் ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தைக்கு இழப்பு.

பித்தப்பைக் கற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் பித்தப்பை பலமாகச் சுருங்குவதால் வலி வரலாம். அதனால் அறுவைக்குக் காத்திருக்கும்வரை பொரித்த உணவைக் குறைப்பது நல்லது. எந்த உணவும் கல்லைக் கரைக்காது. நீண்ட பட்டினியும் வேகமான எடைக் குறைப்பும் புதிய கற்களை உருவாக்கும். பித்தப்பையை அகற்றிய பின் கல்லீரல் பித்தநீரை நேரே குடலுக்கு அனுப்புவதால் பெரும்பாலானவர்கள் இயல்பாகச் சாப்பிடலாம். சிலருக்குச் சில நாள் மலம் இளகிப் போகும்.

சுருங்கிய கல்லீரல்: பட்டினியே பெரிய பகை

மது, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, கொழுப்புப் படிவு, நீண்ட காலப் பித்த அடைப்பு ஆகிய எதுவானாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கல்லீரலைப் புண்படுத்தினால், திசு இருந்த இடத்தில் தழும்பு நிறைந்து கல்லீரல் இறுகிப்போகும். இதைச் சிரோசிஸ் என்கிறார்கள். தமிழில் கல்லீரல் சுருக்கம். உணவைப் பற்றிய தவறான அறிவுரை மிக அதிகமாகத் தீங்கு செய்வது இந்த நோயாளிகளுக்கே என்பதால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நலமாக இருப்பவர் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால், விடியும்வரை மூளைக்குத் தேவையான சர்க்கரையைக் கல்லீரலின் கிளைக்கோஜன் கொடுத்துக்கொண்டிருக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்புக்கு இடமே குறைவு. நள்ளிரவுக்குள் அது தீர்ந்துபோக, உடல் தன் தசையிலுள்ள புரதத்தை உடைத்து அதிலிருந்து சர்க்கரை செய்யத் தொடங்குகிறது. ஓர் இரவுப் பட்டினிக்குப் பின் சிரோசிஸ் நோயாளியின் உடல் இருக்கும் நிலையை அடைய, நலமானவர் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இது ஒவ்வோர் இரவும் நடப்பதால்தான் வயிறு நீர்கோத்துப் பெருத்திருக்க, தோளும் தொடையும் மெலிந்துபோகின்றன. வயிற்று நீரின் எடையால் தராசு முள் இறங்காததால், வீட்டாருக்கு இந்த மெலிவு கண்ணில் படாமலே போவதும் உண்டு.

ஆகையால் இவர்களுக்குப் படுக்கைக்குப் போகுமுன் ஒரு சிறு உணவு மிக முக்கியம். மாவுச்சத்து ஏறத்தாழ 50 கிராம் அளவில், கொஞ்சம் புரதத்தோடு இருந்தால் போதும்: ஒரு தம்ளர் பாலும் இரண்டு இட்லியும், அல்லது பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி, அல்லது பாலும் வாழைப்பழமும். காலையில் எழுந்த உடனேயே எதையாவது சாப்பிட வேண்டும். பகலிலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. ஏகாதசி, சஷ்டி விரதங்களையோ ரமலான் நோன்பையோ எண்ணியிருப்பவர்கள், முற்றிய நோயில் அது ஆபத்து என்பதை அறிந்து, மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது புரதம். சுருங்கிய கல்லீரலால் அம்மோனியாவை முழுவதும் அகற்ற முடியாததால், அது மூளையைத் தாக்கிக் குழப்பத்தையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது. எனவே புரதத்தை நிறுத்திவிடலாம் என்று மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் நம்பியது. 2004ஆம் ஆண்டு பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய குழப்ப நிலையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் புரதத்தைக் குறைத்தும், மற்றொரு பிரிவினருக்கு இயல்பான அளவில் கொடுத்தும் பார்த்தது. தெளிவு திரும்புவதில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. புரதம் குறைக்கப்பட்டவர்களின் உடலில் தசைச் சிதைவே கூடியது. கல்லீரல் தளர்ந்தபின் அம்மோனியாவை அகற்றப் பெரிதும் துணைநிற்பது தசைதான் என்பதும் இப்போது தெரியும். புரதத்தை நிறுத்தித் தசையைக் கரைத்தால் அம்மோனியா கூடத்தான் செய்யும்.

இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சிரோசிஸ் நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன. வயிற்று நீரின் எடையைக் கழித்தபின் 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். மூன்று வேளையும் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டால் 30 கிராமைத் தாண்டுவதே அரிது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், 30 கிராம் பருப்பில் 7 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், காலையில் இட்லி சாம்பாரோடு முட்டை, பதினொரு மணிக்குச் சுண்டல், மதியம் பருப்பும் மீனும் தயிரும், மாலையில் பால், இரவில் சப்பாத்தியும் பருப்புக் கூட்டும், படுக்குமுன் மறுபடி பால் என்று சென்றால்தான் அந்த அளவு நிறைவேறும். இறைச்சியைவிடப் பருப்பு வகைகளும் பாலும் தயிரும் குழப்ப நிலைக்கு ஆளானவர்களுக்கு ஒத்துக்கொள்கின்றன. பருப்பின் நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுப்பதும் ஓர் உதவி. சைவ உணவு உண்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கவலைப்பட வேண்டியதே இல்லை.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டும் உப்பில் உண்மையான கட்டுப்பாடு தேவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, எல்லா வேளைக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர், பாக்கெட் சூப் ஆகியவற்றை விலக்கினாலே பெரும்பகுதி குறைந்துவிடும். முற்றிலும் உப்பில்லாத சோற்றை நோயாளி ஒதுக்கிவிட்டுப் பட்டினி கிடப்பாரானால் லாபத்தைவிட நட்டமே மிகுதி. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி ஆகியவை கல்லீரலைக் கெடுப்பதில்லை. உப்புக் குறைவை அவற்றால் ஈடுசெய்யலாம். குறைந்த சோடியம் உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்கத் தரப்படும் சில மாத்திரைகளோடு சேர்ந்து அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். தண்ணீரைக் குறைப்பது இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியவர்களுக்கே. அதை மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது.

தசையைக் காப்பதும், இரவுப் பட்டினியை முறிப்பதும், நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைப்பதும்தான் சிரோசிஸ் உணவு. எண்ணெயை விலக்குவதற்கு இதில் இடமே இல்லை.

கொழுப்பு படிந்த கல்லீரல்

இங்கே அறிவுரை ஏறத்தாழத் தலைகீழாகிறது. தழும்பேறாமல் கொழுப்பு மட்டும் படிந்து, உடல் எடையும் கூடியிருப்பவர் குறைவாகச் சாப்பிட வேண்டும். எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோ.

எண்ணெயை நிறுத்திவிட்டேன், இன்னும் ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் பலர். தேவைக்கு மேல் வரும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. எண்ணெயில்லாத குழம்பை மலைபோல் குவித்த சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டு, நாளுக்கு நான்கு இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் குளிர்பானமும் சேர்ந்தால் கொழுப்பு எங்கே போகும்? சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியையும் பருப்பையும் இரட்டிப்பாக்குவது, பழத்தைச் சாறாக்காமல் அப்படியே தின்பது, தினமும் நடப்பது ஆகியவை பலன் தருகின்றன. காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எனவே சர்க்கரை சேர்க்காத காபியை விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ என்ற வேகத்தில் குறைப்பது பித்தக்கற்களிலிருந்தும் காக்கும்.

மது மட்டும் மேற்சொன்ன எந்த நிலையிலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையும் அப்படியே. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரல் புற்றுநோயைத் தூண்டுவது.

கீழாநெல்லியும் மற்ற மூலிகைகளும்

சென்னையில் ஆய்வாளர் தியாகராஜனும் அவருடன் பணியாற்றியவர்களும் கீழாநெல்லி இனத்துச் செடி ஒன்றை ஹெபடைடிஸ் பி கிருமி உடையவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலருக்குக் கிருமி மறைந்ததாக 1988ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகின் கவனத்தை ஈர்த்த அந்த முடிவைப் பின்னால் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் மீண்டும் காண முடியவில்லை. அந்த முயற்சியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தானாகவே ஆறும் ஹெபடைடிஸ் ஏ காமாலையில் மூலிகை குடித்தவரும் குடிக்காதவரும் சில வாரங்களில் தேறிவிடுவதால், புகழ் மூலிகைக்குப் போய்விடுகிறது. அதை நம்பிப் பித்தநாளம் அடைபட்டவரும் வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் கேடு. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ள முடியாது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை 2021ஆம் ஆண்டு மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏற்கனவே தளர்ந்த கல்லீரல் உள்ளவர், குடிக்கும் கஷாயம் எதுவானாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரங்கள்

காமாலையோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அடைபட்ட பித்தநாளத்தில் சீழ் பிடித்திருக்கலாம். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும். இரத்த வாந்தியோ தார்போல் கறுத்த மலமோ உணவுக்குழாயில் புடைத்த நாளம் வெடித்ததைக் காட்டலாம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதும், பேச்சு குழறுவதும், நீட்டிய கை படபடப்பதும் அம்மோனியா மூளையை எட்டியதன் அடையாளங்கள். நீர் கோத்த வயிற்றில் புதிதாக வலியும் காய்ச்சலும் வந்தால் அந்த நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும், கஞ்சி வைத்துக் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்காமல், அந்த இரவிலேயே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.